விடியலில் ரொட்டி வேண்டுமென்றால் இரவே மாவைத் தொடுங்கள்

பரோட்டா மாதிரி மாவை வீசி அடுக்கடுக்காகச் சுடும் ரொட்டி சானாயைக் கற்றுக்கொடுங்கள் என்று வருகிறவர்கள் எல்லாரும் முதலில் என் கையைத்தான் பார்க்கிறார்கள். மாவு சுழலும்போது கைப்பேசியைத் தூக்கிப் படம் பிடிக்கிறார்கள். அந்த வீச்சு பத்து விநாடி வேலை. அதைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய், காலை ஏழு மணிக்கு மாவு பிசைந்து, எட்டு மணிக்கு வீசப் பார்த்து, ஒன்பது மணிக்கு அதையே சப்பாத்தியாகத் தேய்த்துச் சாப்பிட்டுவிட்டு, "அக்கா, எனக்குக் கை வரவில்லை" என்கிறார்கள். கையில் ஒரு குறையும் இல்லை. மாவுக்கு ஓர் இரவு கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

எங்கள் கடை மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில், லிந்தாங் போகும் சாலையில் இருக்கிறது. ஆறு மேசை, ஒரு கல், பின்னால் ஒரு மாமரம். நான் பிறந்தது பக்கத்து ரப்பர்த் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில். அம்மா ரப்பர் மரத்தில் பால் வெட்டினார். விடியற்காலைக் குளிர்ச்சியில்தான் மரம் நன்றாகப் பால் விடும் என்பதால் இருட்டிலேயே விளக்கைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். அந்த நேரத்தில் எங்கள் வீட்டில் ரொட்டி சானாய்க்கு எங்கே வழி? முதல் நாள் சோற்றில் நீரூற்றி வைத்ததும் ஒரு துண்டுக் கருவாடும்தான். ரொட்டி என்பது சம்பளம் போட்ட மறுநாள் அப்பா பட்டணத்துக்குப் போனால் செய்தித்தாளில் மடித்துக் கொண்டுவரும் பொருள். அது வீட்டுக்கு வந்து சேரும்போது தோல் மாதிரி ஆகியிருக்கும். ஆனாலும் சண்டை போட்டுச் சாப்பிடுவோம்.

தொழிலைக் கற்றது கோலாலம்பூரில். 1994இல் கல்யாணமான கையோடு நாங்கள் இருவரும் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு பழைய சாப்பாட்டுக் கடையில் வேலைக்குச் சேர்ந்தோம். சுங்கை சிப்புட்டில் பிறந்து மலேசிய அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் பெயரைத் தாங்கிய சாலைக்கு இரண்டு சந்து தள்ளி இருந்தது அந்தக் கடை. ஊரை விட்டுப் போயும் ஊர்க்காரர் நிழலில்தான் பிழைத்தோம் என்று என் வீட்டுக்காரர் வேடிக்கையாகச் சொல்வார். இவர் ரொட்டிக் கல்லில், நான் பாத்திரம் கழுவும் தொட்டியில். இரவும் பகலும் பூட்டாத கடை. ரயில்வே ஆட்கள், டாக்சி ஓட்டுநர்கள், பந்தாட்டம் பார்க்க நள்ளிரவில் வரும் பையன்கள் என்று கூட்டம் மாறிக்கொண்டே இருக்கும். மாறாத ஒன்று உண்டு. இரவு எட்டு மணிக்கு ஒரு பெரியவர் வந்து மாவைப் பிசைந்து, உருண்டை பிடித்து, தட்டுகளில் அடுக்கி மூடிவிட்டுப் போவார். கல்லில் நிற்கும் மாஸ்டர்கள் வந்தார்கள், போனார்கள், கோபித்துக்கொண்டு எதிர்க் கடைக்கும் போனார்கள். ரொட்டியின் ருசி மட்டும் மாறவில்லை. கல்லாவில் இருந்த பாய் அந்தப் பெரியவருக்குத்தான் மற்றவர்களைவிட அதிகச் சம்பளம் கொடுத்தார். ஏன் என்று எனக்குப் புரியவே பல வருடம் ஆயிற்று.

2010இல் இவருடைய வலது தோள் போய்விட்டது. ஒரு நாளைக்கு நானூறு, ஐந்நூறு ரொட்டி வீசிய தோள். ஊருக்குத் திரும்பிக் கடை போட்டோம். இவர் நாற்காலியில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல நான் கற்றுக்கொண்டேன். அப்போது எனக்கு வயது நாற்பத்தொன்று. அந்த வயதில் எனக்கு வந்தது என்றால் உங்களுக்கும் வரும்.

மாவைப் பற்றி முதலில் ஒரு எச்சரிக்கை. மலேசியாவில் நாங்கள் கோதுமை மாவு என்று சொல்வது வெள்ளை மாவை. தமிழ்நாட்டில் அதற்குப் பெயர் மைதா. அங்கே கோதுமை மாவு என்பது இங்கே ஆட்டா. மதுரையிலிருந்து வந்த என் நாத்தனார் மகள் நான் தொலைபேசியில் சொன்ன கணக்கை ஆட்டாவில் போட்டுப் பார்த்துவிட்டு என்னைத் திட்டினாள். வெள்ளை மாவு, சாதாரண ரகம் போதும். தானாக உப்பும் மாவு, கேக் மாவு இரண்டும் வேண்டாம்.

பத்துப் பேருக்கு ஒரு கிலோ மாவு. அதற்கு இரண்டு தேக்கரண்டி உப்பு, இரண்டு மேசைக்கரண்டி சர்க்கரை, இரண்டு மேசைக்கரண்டி டின் பால் (இனிப்பான கெட்டிப் பால்), எழுபது கிராம் உருக்கிய மார்ஜரின். தண்ணீர் ஐந்நூற்று ஐம்பது மில்லியில் தொடங்குங்கள், அறுநூறைத் தாண்டாதீர்கள். அடைமழை நாட்களில் மாவே கொஞ்சம் ஈரம் இழுத்திருக்கும், அப்போது இருபது முப்பது மில்லி குறையும். சிலர் ஒரு முட்டையும் உடைத்து ஊற்றுவார்கள், ரொட்டி சற்று மென்மையாக வரும். நான் ஊற்றுவதில்லை. வெள்ளிக்கிழமை சைவம் இருப்பவர்கள் என் கடையில் பாதிப் பேர். அவர்களுக்கென்று தனி மாவு பிசைய எனக்குக் கை இல்லை.

உப்பு, சர்க்கரை, பால் எல்லாவற்றையும் தண்ணீரில் கரைத்துவிட்டுத்தான் மாவில் ஊற்ற வேண்டும். மாவில் நேரே தூவினால் உப்பு ஒரு பக்கம் தங்கிவிடும், பிறகு ஒரு ரொட்டி கரிக்கும், ஒன்று சப்பென்றிருக்கும். பத்து நிமிடம் பிசைந்து, ஈரத்துணியால் மூடிக் கால் மணி நேரம் விடுங்கள். திரும்ப எடுத்து ஐந்து நிமிடம் பிசையுங்கள். இந்த இரண்டாவது பிசைவில்தான் மாவின் முகம் மாறும். முதலில் ஆரஞ்சுத் தோல் மாதிரி சொரசொரப்பாக இருந்தது, இப்போது காது மடல் மாதிரி வழுவழுவென்று ஆகும். உங்கள் காதையே தொட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். இவர் என்னை அப்படித்தான் பழக்கினார், மாவுக் கையோடு காதைத் தொட்டு நாள் முழுவதும் வெள்ளைக் காதோடு நின்றிருக்கிறேன்.

பிறகு உருண்டை. தராசில் வைத்து எண்பத்தைந்து கிராம் நிறுங்கள், ஒரு கிலோ மாவுக்கு இருபது உருண்டை வரும். கண்ணளவு பழகும்வரை தராசை விடாதீர்கள். உருண்டை பெரிதும் சிறிதுமாக இருந்தால் பெரியது கல்லில் வேகாது, சிறியது விரிக்கும்போது கிழியும். உருண்டை பிடிக்கும் விதம் முக்கியம். மாவைக் கையில் ஏந்தி, கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிதுக்கினால் மேல் பக்கம் குமிழ் போல இழுபட்டு மினுங்கும். கீழே சேரும் முனையைத் திருகிக் கிள்ளி மூடிவிடுங்கள். சுருக்கம் விழுந்த உருண்டை நாளைக்கு அந்தச் சுருக்கத்தில்தான் கிழியும். ஒவ்வொன்றையும் மார்ஜரினில் நன்றாகப் புரட்டுங்கள். கஞ்சத்தனம் காட்டினால் விடிவதற்குள் மேலே காய்ந்த ஏடு படிந்துவிடும். தட்டில் ஒன்றையொன்று நெருக்காமல் அடுக்கி, மூடிவிட்டு, போய்த் தூங்குங்கள்.

ஆறு மணி நேரமாவது வேண்டும், எட்டு இருந்தால் நல்லது. அதற்கு மேல் போகும் என்றால் குளிர்பெட்டியில் வையுங்கள். போடுவதற்கு இரண்டு மணி நேரத்துக்கு முன் வெளியே எடுத்தால் போதும். பிசையும்போது மாவுக்குள் இருக்கும் பசை முறுக்கிக்கொள்கிறது. முறுக்கிய பசை இழுத்த இடத்திலிருந்து திரும்ப ஓடும். நேரம் போகப் போகத்தான் தளரும். தளர்ந்த பிறகு நீங்கள் இழுத்த இடத்தில் நிற்கும். இதற்குக் குறுக்கு வழி எதுவும் எனக்குத் தெரியாது, தேடிப் பார்க்காமலும் இல்லை.

ஒரு முறை கோயில் திருவிழாக் காலைக்கு நூற்று இருபது ரொட்டி கேட்டிருந்தார்கள். முதல் நாள் உறவில் ஒரு துக்கம், கெடா மாநிலத்துக்குப் போய்த் திரும்பும்போது அதிகாலை மூன்று மணி. மூன்றரைக்கு மாவு பிசைந்தேன். ஆறு மணிக்கு முதல் உருண்டையை விரித்தேன், தட்டளவு வந்துவிட்டு, கையை எடுத்ததும் உள்ளங்கை அளவுக்குச் சுருங்கியது. பால்மரத்துப் பிள்ளை நான், ரப்பர் எனக்குப் புதிதில்லை, ஆனால் மேசை மேல் அதைப் பார்ப்பேன் என்று நினைக்கவில்லை. கோபத்தில் வேகமாக வீசினேன், நடுவில் கிழிந்தது. இவர் நாற்காலியிலிருந்து ஒரு வார்த்தை பேசவில்லை, எழுந்துபோய் உருட்டுக் கட்டையைக் கொண்டுவந்து வைத்தார். நூற்று இருபதையும் தேய்த்துத்தான் போட்டுக் கொடுத்தேன். வாங்கிப் போனவர்கள் குறை சொல்லவில்லை. மறு வருடம் வேறு கடையில் சொல்லிவிட்டார்கள்.

சரி, விடிந்துவிட்டது. மேசையில் எண்ணெய் தடவுங்கள், மாவு தூவக் கூடாது. உருண்டையை உள்ளங்கையால் அழுத்தித் தட்டளவு விரியுங்கள், ஓரம் நடுவைவிட மெல்லியதாக இருக்கட்டும். வீசினாலும் வீசாவிட்டாலும் இதுவரை ஒரே வழிதான்.

வீசத் தெரியாதவர்கள் வெட்கப்பட வேண்டாம். விரல்களை மாவின் ஓரத்துக்கு அடியில் விட்டு, மெல்லத் தூக்கி, உங்கள் பக்கம் இழுத்து, மேசையில் ஒட்டவிடுங்கள். வட்டமாகச் சுற்றி வந்து எல்லா ஓரத்தையும் இழுங்கள். எண்ணெய் தடவிய மேசை அதைப் பிடித்துக்கொள்ளும். இரவு முழுக்கத் தூங்கிய மாவு என்றால் அரை மீட்டருக்கு மேல் விரியும். போதுமா என்று அறிய ஒரு வழி சொல்கிறேன். மார்ஜரின் டப்பா மூடியை அடியில் வைத்துப் பாருங்கள், மூடியில் உள்ள எழுத்து மாவு வழியே படிக்கத் தெரிய வேண்டும். ஒன்றிரண்டு ஓட்டை விழுந்தால் கவலையில்லை, மடித்தால் மறைந்துவிடும்.

வீசத்தான் வேண்டும் என்பவர்கள் மாவில் பழகாதீர்கள். 'குட் மார்னிங்' என்று சிவப்பு எழுத்தில் அச்சடித்த வெள்ளைத் துண்டு எல்லார் வீட்டிலும் கிடக்கும். அதை நனைத்துப் பிழிந்து கொள்ளுங்கள். இடது உள்ளங்கை மேல்நோக்கித் துண்டுக்கு அடியில், வலது உள்ளங்கை கீழ்நோக்கித் துண்டுக்கு மேல். ஓரத்தைப் பிடித்துத் தூக்கி, இடது கையை வலது கைக்கு மேலாகக் கொண்டுபோங்கள். துண்டு புரண்டு, தூரத்து விளிம்பு மேசையில் பட்டென்று விழ வேண்டும். அந்தச் சத்தம் வரும் நொடியில் உங்கள் பக்கம் லேசாக இழுக்க வேண்டும். வேலை மணிக்கட்டில்தான், தோளில் இல்லை. இவர் வருடக்கணக்காகத் தோளால் வீசினார், இப்போது சட்டை மாட்டக்கூட நான் கை கொடுக்கிறேன். ஒரு வாரம் துண்டு, அப்புறம் மாவு. ஐந்தாறு வீச்சில் விரிந்துவிடும்.

விரித்த மாவில் அரைக் கரண்டி நெய்யோ மார்ஜரினோ தெளித்து மடியுங்கள். மடிக்கும்போது ஒரு சின்ன வேலை இருக்கிறது. மேல் விளிம்பைப் பிடித்துக் கொஞ்சம் உயர்த்தி, காற்று உள்ளே புகுந்து மாவு கூடாரம் மாதிரி உப்பும் நேரத்தில் நடுவுக்குக் கொண்டுவந்து போட வேண்டும். கீழ்ப் பக்கத்தையும் அப்படியே. பிறகு இரண்டு பக்கமும் உள்ளே மடித்தால் சதுரம். உள்ளே சிக்கிய காற்றும் நெய்யும்தான் பிறகு அடுக்காகப் பிரிகின்றன. அழுத்தித் தடவி மடித்தால் நீங்கள் இவ்வளவு நேரம் விரித்ததற்குப் பலன் இல்லை.

கல் நன்றாகச் சூடேறி, பிறகு நடுத்தரத் தணலுக்கு இறங்க வேண்டும். வீட்டில் கனமான தோசைக்கல் இருந்தால் அதுவே சிறந்தது. ஒரு பக்கம் இரண்டு நிமிடம், திருப்பி இரண்டு நிமிடம், பொன்னிறத்தில் அங்கங்கே பழுப்புப் புள்ளி. எடுத்ததும் மேசையில் வைத்து, இரண்டு பக்கத்திலிருந்தும் கைகளால் நடுவை நோக்கித் தட்டி நொறுக்குங்கள். கைதட்டுவது போலச் சத்தம் வரும். சுடும், பழகிவிடும். அடுக்குகள் பிரிவது அப்போதுதான். கைதட்டாத ரொட்டியை நான் யாருக்கும் வைக்கமாட்டேன்.

முட்டை ஊற்றினால் ரொட்டி தெலுர், வெங்காயம் போட்டால் ரொட்டி பாவாங், கயிறாகச் சுருட்டிச் சின்னதாகவும் தடியாகவும் தட்டினால் ரொட்டி போம். மாவு ஒன்றே, மடிப்புதான் வேறு. 2025 ஆகஸ்டில் முட்டைக்கான அரசு மானியம் நின்ற பிறகு ரொட்டி தெலுர் கேட்பவர்களிடம் விலையைப் பற்றி இரண்டு வார்த்தை பேச வேண்டியிருக்கிறது. சானாய் என்ற பெயர் சென்னையிலிருந்து வந்தது என்று ஒரு கட்சி, மாவை மெல்லியதாக்குவதைக் குறிக்கும் மலாய்ச் சொல் என்று இன்னொரு கட்சி. என் மூன்றாவது மேசையில் இது வாரம் ஒரு முறை நடக்கும் வழக்கு. சிங்கப்பூரில் பிராட்டா என்பார்கள். 2024 டிசம்பரில் யுனெஸ்கோ மலேசியக் காலை உணவுப் பழக்கத்தை மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தபோது நாசி லெமாக் என்ற தேங்காய்ப்பால் சோறு, தே தாரிக் என்ற இழுத்து ஆற்றிய தேநீர் இவற்றோடு ரொட்டி சானாயும் பேசப்பட்டது. அன்று ஒரு வாடிக்கையாளர் எனக்குக் கை கொடுத்துவிட்டு, பாக்கியை மட்டும் அடுத்த வாரம் தருவதாகச் சொல்லிப் போனார்.

தொட்டுக்கொள்ளப் பருப்பு. இருபது ரொட்டிக்கு முந்நூறு கிராம் மைசூர்ப் பருப்பு. மஞ்சள், நாலைந்து பல் பூண்டு போட்டுக் குழைய வேகவையுங்கள். உருளை, காரட், கத்தரி, தக்காளி பெரிய துண்டுகளாகப் போட்டு, இரண்டு மேசைக்கரண்டி கறி மசாலாத்தூளைத் தண்ணீரில் குழைத்து ஊற்றுங்கள். காய் வெந்ததும் கொஞ்சம் புளிக்கரைசலும் அரைக் கோப்பை தேங்காய்ப்பாலும். கடுகு, சீரகம், காய்ந்த மிளகாய், வெங்காயம், கறிவேப்பிலை தாளித்துக் கொட்டுங்கள். வாசனைக்கு ஒரு பாண்டான் இலையை முடிந்து தாளிப்பில் போடுவது கோலாலம்பூர்க் கடைப் பழக்கம், நானும் விடவில்லை. குழம்பு ரொட்டிக்குள் இறங்க வேண்டும், எனவே சாம்பாரைவிடக் கொஞ்சம் கெட்டி, கூட்டைவிட நிறைய தளர்வு. பருப்பு அன்றன்றைக்கு வைக்க வேண்டும். மீன் குழம்பு மட்டும் நேற்றையதாக இருந்தால் ரொட்டிக்கு அமிர்தம்.

பொட்டலம் கட்டுவது தனிக் கலை. 2020 மார்ச் 18 அன்று கொரோனாவுக்காக நடமாட்டக் கட்டுப்பாடு வந்து, கடையில் உட்கார்ந்து சாப்பிடக் கூடாது என்று ஆனபோதுதான் அதை உருப்படியாகக் கற்றேன். சூட்டோடு பிளாஸ்டிக் பையில் போட்டு முடிந்தால் தன் ஆவியிலேயே ரொட்டி ஊறிவிடும், அப்பா கொண்டுவந்த ரொட்டியின் கதை. ஒரு நிமிடம் கம்பித் தட்டில் ஆறவிட்டு, காகிதத்தில் மடித்து, வாயை மூடாமல் கொடுங்கள். பருப்பு தனிப் பையில்.

விற்பதற்காகச் செய்யப் போகிறவர்களுக்கு ஒன்று. மலேசியாவில் உணவைக் கையாளுகிறவர்கள் அதற்கான பயிற்சி வகுப்புக்குப் போயிருக்க வேண்டும், டைபாய்டு ஊசியும் போட்டிருக்க வேண்டும், மூன்று வருடத்துக்கு ஒரு முறை அதைப் புதுப்பிக்க வேண்டும். அதற்கான அட்டையைக் கல்லாவுக்குப் பின்னால் மாட்டிவிடுங்கள், சோதனைக்கு வரும்போது தேடிக்கொண்டிருக்க வேண்டாம்.

முதல் ரொட்டியை வாடிக்கையாளருக்கு வைக்காதீர்கள். பிரிக்ஃபீல்ட்ஸ் கடையில் பாய் வைத்திருந்த சட்டம் அது, முதல் ரொட்டி போட்டவனுக்கு, குழம்பு இல்லாமல். நின்றுகொண்டே பிய்த்துச் சாப்பிடுங்கள். வெளியே நொறுங்கி உள்ளே நூல் நூலாகப் பிரிந்தால் நல்லது. உள்ளே மாவாகக் கடிபட்டால் தணலைக் குறைத்து அடுத்ததை ஒரு நிமிடம் கூடுதலாக விடுங்கள். எல்லாம் சரியாக இருந்தும் மெல்லும்போது தாடை வலித்தால் அதற்கு இன்றைக்கு மருந்து இல்லை. தண்ணீரை இருபது மில்லி கூட்டி, இன்று இரவு எட்டு மணிக்கு மாவில் கை வையுங்கள்.